பத்துக் காசில் இருந்த எழுத்து

2024 மார்ச் 9 என்று தேதியிட்ட ஒரு கடிதம் என் மேசைமேல் இருக்கிறது. கோடு போட்ட தாளில் ஒரு பக்கம், நீலப் பேனா. எழுதியவள் கிராணியின் மகள். லாயாங் லாயாங் பக்கத்து ரப்பர் தோட்டத்து ஆபீஸில் கணக்கும் கடிதமும் எழுதும் கிராணியாக இருந்தாரே, அவருடைய ஒரே மகள். அந்தத் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் நம்மோடு ஒரே வகுப்பில் இருந்தவள். நம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவிலும் இருக்கிறாள், ஆனால் இந்தச் செய்தியை அங்கே போடாமல் எனக்கு மட்டும் தபாலில் அனுப்பினாள். அவள் எழுதியதை அப்படியே தருகிறேன்:

"அம்மா போன பிறகு குளுவாங் வீட்டுல சாமி சாமானெல்லாம் ஒதுக்கினேன். குங்குமப் பெட்டி அடியில ஒரு மஞ்ச முடிச்சு. கேலண்டர் தாள்ல சுத்தி இருந்துச்சு. உள்ள ஒரு பத்து காசு. அது எந்த முடிச்சுன்னு உனக்குத் தெரியும். உங்கிட்ட சொல்லணும்னு தோணுச்சு. அம்மா மேல கோவப்படாத. சின்ன விசயம், ரொம்பப் பழசு. இத்தோட விட்டுருவோம்."

சின்ன விசயமாம்.

உங்களில் பாதிப் பேர் அந்த மதியம் கோயில் வாசலில் நின்றீர்கள். மூன்று மாதம் என்னை "ஏய் பத்து காசு" என்று கூப்பிட்டவர்களும் உங்களில் இருக்கிறீர்கள். பெயர் சொல்லப் போவதில்லை. எல்லாருக்கும் அறுபத்தைந்து ஆகிறது, பலருக்கு இனிப்பு நீர் வியாதி, ஒருவருக்கு இருதய அறுவை சிகிச்சை. ஆனால் நடந்ததை நடந்த வரிசையில் ஒரு முறை எழுதி வைக்காமல் விட எனக்கு மனம் இல்லை.

நாள்: ஆடி மூன்றாம் ஞாயிறு, 1969 ஆகஸ்ட் 3. மனிதன் நிலவில் இறங்கிய செய்தி வந்து இரண்டு வாரம் முழுதாக ஆகவில்லை. தோட்டத்து மாரியம்மன் கோயிலில் அன்று கூழ் ஊற்று.

கூழ் ஊற்றுக்கு முதல் நாள் வீடு வீடாகப் போய்க் கேழ்வரகு மாவு தண்டுவது நம் தோட்டத்து வழக்கம். ஒரு வீட்டு மாவில் கூழ் காய்ச்சக் கூடாது, எல்லா வீட்டு மாவும் பானையில் கலக்க வேண்டும் என்பார்கள். கூழ் கிண்டுவது என் அப்பா. பால் வெட்டிவிட்டு வந்த கையோடு, ரப்பர் மரக் கட்டையில் தானே செதுக்கிய நீளத் துடுப்பை எடுத்துக்கொண்டு போவார். அந்தத் துடுப்பின் பிடி அவர் உள்ளங்கை பட்டுப் பட்டுப் பலாக்கொட்டை மாதிரி வழுவழுப்பாக இருக்கும். அடியில் கூழின் புளிப்பு ஏறி, கழுவினாலும் போகாத ஒரு வாசம். வருடத்தில் ஒரு நாள் முந்நூறு பேர் அப்பாவின் கையைப் பார்த்து நின்றார்கள். மற்ற நாளெல்லாம் அவர் வேலை ஏவும் மண்டோரின் வாயைப் பார்த்து நின்றவர்.

மாவு தண்டப் போனது நான். சனிக்கிழமை மதியம் கிராணி வீட்டுக்கும் போனேன். கிராணியின் மனைவி, நான் அத்தை என்று கூப்பிட்டவர், என்னை முன்னறையில் நிற்கச் சொல்லிவிட்டு மாவு எடுக்க உள்ளே போனார். முன்னறையில் சாமிப் பலகை. பலகையில் படங்கள், விளக்கு, விபூதித் தட்டு. தரை சிவப்புப் பாலிஷ் போட்டுப் பளபளவென்று இருந்ததால் நான் என் கால்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மண்ணாக இருந்தன. அத்தை வந்தார், இரண்டு கொத்து மாவைப் பையில் கொட்டினார், "அப்பாவ இந்த வருசம் உப்பு பாத்துப் போடச் சொல்லு" என்றார். நான் வந்துவிட்டேன். அந்த அறையில் நான் நின்ற நேரம் அவ்வளவுதான்.

அந்தப் பலகையில்தான் மஞ்சள் முடிச்சு இருந்திருக்கிறது. அந்த வருடம் தொடக்கத்தில் அவர்கள் மகளுக்கு அம்மை போட்டிருந்தது. அம்மை இறங்கினால் ஆடிக் கூழன்று உண்டியலில் சேர்ப்பதாக ஒரு பத்துக் காசை மஞ்சள் நீரில் கழுவி, மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருந்தார் அத்தை. எல்லா வீட்டிலும் செய்வதுதான். என் அம்மாவும் எனக்காக முடிந்து வைத்ததுண்டு. முடிந்த காசை மாற்றக் கூடாது. அதே காசு போக வேண்டும்.

ஞாயிறு காலை பார்த்தால் முடிச்சைக் காணோம்.

அந்த ஞாயிறு காலை நான் தவுக்கே கடையில் ஐஸ் உருண்டை வாங்கித் தின்றேன். தோட்டத்து முகப்பில் கடை வைத்திருந்த சீனத் தவுக்கே, மரப் பலகையில் ஐஸைச் சீவி உருண்டை பிடித்து, ஒரு பக்கம் சிவப்புச் சாறும் ஒரு பக்கம் குலா மெலாக்கா வெல்லப் பாகும் ஊற்றித் தருவார். நான் கொடுத்தது பத்துக் காசு. அந்தக் காசு எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

என் தாய்மாமா எங்களோடுதான் இருந்தார். சிவப்பு அடையாள அட்டைக்காரர். குடியுரிமை இல்லாதவர்கள் இனி வேலை செய்ய வேண்டுமானால் பெர்மிட் வேண்டும் என்று ஆகியிருந்த ஆண்டு அது. மாமா குளுவாங் போய் ஒரு விண்ணப்பப் பாரம் வாங்கி வந்தார். மலாய் பாரம். படிக்கத் தெரிந்தது வீட்டில் நான் ஒருத்திதான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அரிக்கேன் விளக்கடியில் உட்கார்ந்து நான் ஒவ்வொரு கட்டமாக நிரப்பினேன். பிறந்த தேதி என்ற கட்டத்தில் நின்றுவிட்டோம்.

"எனக்கென்ன தெரியும் பாப்பா? கம்பு அறுப்புல பொறந்தேன்னு ஆத்தா சொல்லும்."

"கம்பு அறுப்புன்னு எழுத முடியாது மாமா. நாள் வேணும்."

"நீயே ஒண்ணு போடு. நல்ல நாளா போடு."

ஜனவரி ஒன்று என்று போட்டேன். என் வாழ்நாளில் ஆதாரமில்லாமல் நான் எழுதிய தேதி அது ஒன்றுதான். மாமா சிரித்து, இடுப்பு வாரிலிருந்து ஒரு பத்துக் காசு எடுத்து, "கிராணிக்குக் கூலி" என்று என் கையில் வைத்தார். அந்தப் பாரத்தோடு தோட்டத்து ஆபீஸ் கடிதம் ஒன்றும் சேர வேண்டும். அதை எழுத வேண்டியவர் அசல் கிராணி. இதை மறந்துவிடாதீர்கள்.

ஞாயிறு மதியம், கூழ்ப் பானை அடுப்பில் கொதித்துக்கொண்டிருக்கும்போது கிராணி வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் பூதக்கண்ணாடி. பின்னால் அத்தை, அவருக்குப் பின்னால் தவுக்கே, அவர் கையில் கடைத் தகர டப்பா. அத்தை கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்:

"நான் மஞ்சத் தண்ணில கழுவுறப்ப நல்லாப் பாத்தேன். அந்தக் காசுல சின்னதா ஒரு எச் எழுத்து இருந்துச்சு. வேற எந்தக் காசுலயும் நான் பாத்ததில்ல. ஆத்தாளே போட்ட அடையாளம்னு நெனச்சுத்தான் அத முடிஞ்சேன்."

கிராணி என்னைக் காட்டித் தவுக்கேயிடம், "காலைல இந்தப் புள்ள ஐஸுக்குக் குடுத்த காச எடு" என்றார்.

தவுக்கே டப்பாவைத் திறந்து, மேலாக இருந்த ஒரு பத்துக் காசை எடுத்தார். கிராணி பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். ஒரு வழக்கறிஞர் மாதிரி நிமிர்ந்தார்.

"1961. எச் இருக்கு. யாரு வேணும்னாலும் வந்து பாக்கலாம்."

பார்த்தார்கள். வரிசையில் நின்று பார்த்தார்கள். மண்டோர் பார்த்தார், பூசாரி பார்த்தார், உங்கள் அப்பா அம்மா எல்லாரும் பார்த்தார்கள். எறும்பின் தலை அளவு ஓர் எழுத்து. பார்த்த ஒவ்வொருவரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

தவுக்கே மட்டும்தான் வாயைத் திறந்தார். "அலமாக், கிராணி! பத்து காசு எல்லாம் ஒரே மாதிரி லா. காலைலேர்ந்து எத்தன பேரு வந்தான், எத்தன காசு போட்டான். எனக்கு எப்படித் தெரியும் யார் காசு?"

"நீ எடுத்த காசுல எச் இருக்கா இல்லியா?"

"இருக்கு."

"அப்புறம் என்ன?"

கூட்டம் சிரித்தது. தவுக்கேயின் தமிழுக்குச் சிரித்தார்களா, கிராணியின் கெட்டிக்காரத்தனத்துக்குச் சிரித்தார்களா, தெரியவில்லை. அந்தக் கூட்டத்தில் உண்மையைச் சொன்ன ஒரே மனிதரைப் பார்த்துச் சிரித்தார்கள் என்பது மட்டும் தெரியும்.

என் கோபம் எங்கே நிற்கிறது என்று கேட்டால், இங்கே. அந்த டப்பா திறந்தே இருந்தது. அதில் இன்னும் முப்பது நாற்பது காசு கிடந்திருக்கும். பூதக்கண்ணாடி கையில் இருந்தது. நின்ற ஒவ்வொருவர் மடியிலும், முந்தானை முடிச்சிலும் காசு இருந்தது. இன்னொரு காசை, ஒரே ஒரு காசை, எடுத்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. ஆங்கிலம் படித்த கிராணிக்கும் தோன்றவில்லை.

"மஞ்சக் கறையே இல்லியே அத்த" என்று நான் சொன்னேன். எனக்குத் தோன்றிய ஒரே வாதம் அது.

"கழுவியிருப்ப" என்றார் அத்தை.

"மாமாதான் குடுத்தாரு! பாரம் எழுதுனதுக்குக் குடுத்தாரு!"

எல்லாரும் மாமாவைப் பார்த்தார்கள். அவர் அடுப்புக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்தார். கிராணி கேட்டார், குரலை உயர்த்தாமல்: "நீ குடுத்தியாப்பா? யோசிச்சுச் சொல்லு."

மாமா எழுந்து நின்றார். தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். என்னைப் பார்க்கவில்லை.

"ஞாபகம் இல்லீங்க ஐயா."

அப்பா துடுப்பைக் கீழே வைத்தார். "எம் புள்ள எடுத்திருக்காதுங்க" என்றார். அம்மா வந்து என் பிடரியில் கை வைத்து, "விழுடி" என்றார். விழுந்தேன். சிமெண்டுத் தரை, சிந்திய குங்குமம், நெற்றியில் அழுந்திய மணல். அத்தையின் கால் விரலில் வெள்ளி மிஞ்சி. அவர் காலை நகர்த்திக்கொள்ளவில்லை.

அந்தக் காசைப் புது மஞ்சள் துணியில் முடிந்து உண்டியலில் போட்டார்கள். தவுக்கேக்கு ஈடாக ஒரு பத்துக் காசு கொடுத்தது என் அப்பா. கூழை இறக்கும் முன் பூசாரி அப்பாவிடம் மெதுவாகச் சொன்னார்: "இந்தத் தடவ வேற ஆளு ஊத்தட்டுமே." அன்று மாலை அப்பா அந்தத் துடுப்பைக் கோடாலியால் மூன்றாகப் பிளந்து அடுப்பில் வைத்தார். ரப்பர் மரம் என்பதால் சட்டென்று பிடித்துக்கொண்டது. வீடெல்லாம் கூழ் புளித்த வாசம்.

மாமாவுக்குக் கடிதம் கிடைக்கவில்லை. "ஒங்க வீட்டு ஆளுகளுக்கு நான் எப்படிக் கையெழுத்துப் போடுறது?" என்று கிராணி கேட்டதாக அம்மா பின்னாளில் சொன்னார். அக்டோபரில் மாமா கப்பல் ஏறி நாகப்பட்டினம் போனார். நவம்பரில் நாங்கள் குளுவாங்குக்கு மாறினோம். என் பள்ளி மாற்றுச் சான்றிதழ் இன்னும் என்னிடம் இருக்கிறது, அதில் காரணம் என்ற இடத்தில் "குடும்பக் காரணம்" என்று இருக்கிறது.

இனி வருவதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

பத்து வயதுப் பிள்ளையின் கணக்கு இது: அந்த எழுத்து ஒரே ஒரு காசில்தான் இருந்தது. பெரியவர்கள் எல்லாரும் கண்ணாடி வைத்துப் பார்த்துச் சொன்னார்கள். அந்தக் காசு என்னிடம் இருந்தது. நான் எடுக்கவில்லை. எனக்குக் கொடுத்தது மாமா. பாரத்தைப் பற்றிக் கேட்க அந்த வாரம் கிராணி வீட்டுக்கு இரண்டு முறை போனவரும் மாமா. அப்படியானால் எடுத்தது மாமா. அதனால்தான் ஞாபகம் இல்லை என்றார்.

இந்த முடிவோடு நாற்பது வருடத்துக்கும் மேலாக வாழ்ந்தேன். அவர் அங்கிருந்து நீலத் தாளில் கடிதம் எழுதினார். ஒவ்வொன்றிலும் கடைசி வரி, "பாப்பா நன்றாகப் படிக்கிறதா, அதைப் பதில் போடச் சொல்லவும்." நான் ஒன்றுக்கும் பதில் போடவில்லை. என் கல்யாணத்துக்குப் பத்து ரூபாய் நோட்டு ஒன்றை வைத்து அனுப்பினார். அதைத் திருப்பி அனுப்பச் சொன்னேன். அம்மா அழுதார், நான் அசையவில்லை. மாமா அங்கேயே இறந்தார்.

அரசாங்க அலுவலகத்தில் பதிவேடு பார்க்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, ஒரு ஞாயிறு குளுவாங் சந்தையில் பழைய சாமான் பரப்பியிருந்த ஒருவரிடம் நின்றேன். ஒரு ஐஸ்கிரீம் டப்பா நிறைய ராணி தலைக் காசு. சும்மா ஒன்றை எடுத்தேன். பத்துக் காசு, 1961. என் கண்ணாடியைக் கழற்றி, கண்ணுக்கு அருகே கொண்டுபோனேன். H இருந்தது. இன்னொன்றை எடுத்தேன். H. அடுத்ததில் எழுத்து இல்லை. அடுத்ததில் KN. மறுபடி H.

"ஆச்சி, என்ன தேடுறீங்க? ரேர் காசா?" என்று கேட்டார் விற்றவர்.

"இது ரேரா?"

"எச்சா? அதெல்லாம் குப்பை லா. கிலோக் கணக்குல இருக்கு."

அங்கேயே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கேட்டு வாங்கி உட்கார்ந்தேன்.

பிறகு நூலகத்தில் நாணயப் பட்டியல்களைத் தேடிப் படித்தேன். விஷயம் இவ்வளவுதான். ஒரு நாட்டுக்கு வேண்டிய காசை ஒரே நாணயச்சாலையில் அடித்து முடிக்க இயலாதபோது, வேலையை இரண்டு மூன்று சாலைகளுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். எது எங்கே அடித்தது என்று பின்னால் தெரிய, ஒவ்வொரு சாலையும் தன் அச்சில் ஒரு சின்ன எழுத்தையோ புள்ளியையோ வைக்கும். நம் மலாயா, பிரிட்டிஷ் போர்னியோ காசுகளில் எழுத்து இல்லாதது லண்டனில் அடித்தது. H இருப்பது பர்மிங்ஹாமில் ஒரு தனியார் சாலையில் அடித்தது, அதை நடத்திய குடும்பப் பெயரின் முதல் எழுத்து. KN அதே ஊர்ப் பக்கத்து இன்னொரு சாலை. யுத்தம் முடிந்த ஆண்டின் காசுகள் சிலவற்றில் I இருக்கும், அவை இந்தியாவில் அடித்தவை. 1961இன் பத்துக் காசில் H போட்டவை கோடிக்கணக்கில் வெளிவந்தன. ஆத்தாள் போட்ட அடையாளமாம். ஆத்தாள் பர்மிங்ஹாமில் பட்டறை வைத்திருந்தாளா?

ஆனால் அத்தையின் தவறு எப்படி நேர்ந்தது என்பதும் அன்றுதான் புரிந்தது. நாம் யாரும் காசை உற்றுப் பார்ப்பதில்லை. வாங்குகிறோம், கொடுக்கிறோம். அத்தை தன் வாழ்நாளில் உற்றுப் பார்த்த காசு அந்த ஒன்றுதான், மகளுக்கு அம்மை போட்டிருந்தபோது, மஞ்சள் நீரில் கழுவுகையில். ஒரே ஒரு காசைப் பார்த்தவருக்கு அது உலகத்தில் ஒன்றே ஒன்றாகத்தான் தெரியும். அத்தையை அந்த அளவுக்கு என்னால் மன்னிக்க முடியும். நானும் ஒரே ஒரு காசைப் பார்த்துத்தானே ஒரு மனிதரைத் திருடன் என்று எழுதி மூடினேன்? மாமா பெர்மிட்டுக்குப் பயந்து பொய் சொன்னார், திருடவில்லை. அதை அவரிடமே கேட்க எனக்கு ஒரு கடிதத்தாள் கிடைக்கவில்லையா, அத்தனை வருடத்தில்?

இப்போது மார்ச் கடிதத்துக்கு வருகிறேன். படித்ததும் கிராணியின் மகளைக் கைபேசியில் அழைத்தேன்.

"காசுல எழுத்து இருக்கா பாரு" என்றேன்.

"பாத்தேன். எச் இருக்கு. 1961."

"அப்ப உண்டியல்ல போனது?"

அவள் குங்குமப் பெட்டியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள்.

"சரி, அந்தக் கேலண்டர் தாள்ல என்ன தேதி?"

"அதெல்லாம் எதுக்குடி இப்ப?"

"என்ன தேதி?"

"ஆகஸ்ட் 14. வியாழன். வருசம் இருக்குற மூல கிழிஞ்சிருக்கு. இங்க பாரு, எண்பதுல அப்பா ரிட்டையர் ஆயி நாங்க குளுவாங்குக்கு வந்தோம். ஆகஸ்டுலதான் சாமான் கட்டுனோம். அப்ப பலகைக்குப் பின்னாடி கெடச்சிருக்கும். அம்மா என்ன, வேணும்னா மறச்சாங்க?"

"கெடச்சப்ப ஏன் சொல்லல?"

"யாருகிட்ட சொல்றது? நீங்கதான் தோட்டத்த விட்டுப் போயிட்டீங்களே."

குளுவாங்கில் எங்கள் வீடு அவர்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரம். இதை நான் அவளிடம் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 14 வியாழக்கிழமையாக வந்த ஆண்டுகளைச் சரிபார்த்தேன். 1980 உண்டு, அவள் சொல்வது பொருந்துகிறது. 1969உம் உண்டு. கூழ் ஊற்றிய ஞாயிற்றுக்குப் பதினோராம் நாள். அப்போது மாமா இன்னும் தோட்டத்தில்தான் இருந்தார். கடிதத்துக்காக ஆபீஸ் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

நாள்காட்டித் தாளில் அடியில் திதி அச்சிட்டிருக்கும். 1969இல் அந்த நாள் அமாவாசைக்கு மறுநாள். 1980இல் அமாவாசை கழிந்து நான்கு நாள். திதி வரியைப் படித்தால் போதும், ஆண்டு தெரிந்துவிடும். அந்த வரியைப் படம் எடுத்து அனுப்பும்படி மூன்று முறை கேட்டுவிட்டேன். முதல் முறை, மஞ்சள் ஏறி எழுத்து தெரியவில்லை என்றாள். இரண்டாம் முறை, மகன் வந்ததும் எடுக்கச் சொல்கிறேன் என்றாள். மூன்றாவதற்கு இரண்டு நீலக் கோடு வந்திருக்கிறது, பதில் வரவில்லை.

குழுவில் யாராவது அவள் வீட்டுக்குப் போகிறவர்கள் இருந்தால் அந்தத் தாளைப் பாருங்கள். பூதக்கண்ணாடி எடுத்துப் போங்கள். முடிச்சு கிடைத்த ஆண்டு 1969ஆ, 1980ஆ என்பது இதை எழுதும் நாள் வரை சரிபார்க்கப்படவில்லை.